பிள்ளையை இழந்தவள் குற்றவாளியல்ல!

(மாரமங்கலத்தில் தோட்டத் தொழிலாளர்களும் மலைவாழ் விவசாயிகளும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மலைக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். வந்தபோதெல்லாம் கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பட்டாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ரோடு போடவில்லை, ரேஷன் சரியாக வரவில்லை என்று சர்க்காரைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன். இன்று பேசப் போவது, கூட்டம் போட்டு யாரும் பேசாத ஒரு விஷயம். பிறக்காமலே போய்விட்ட பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளையைச் சுமந்த தாயைப் பற்றியது.

சென்ற மாதம் இந்த மலையில் ஒரு வீட்டில் எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. எந்த ஊர், யார் வீடு என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய துக்கத்தை மேடையில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சிலர், "கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், அதனால்தான்" என்றார்கள். மாமியார், "சொன்ன பேச்சைக் கேட்காமல் குடம் தூக்கினாள்" என்றார். வாலிபர்கள், "நர்சைப் பிடித்து நாலு போடு போட்டால்தான் புத்தி வரும்" என்று கிளம்பினார்கள். ஆக, மூன்று தீர்ப்புகள் வந்தன. இரண்டு தீர்ப்பு தாய்மேல். ஒரு தீர்ப்பு நர்ஸ்மேல். விசாரணை மட்டும் நடக்கவில்லை.

அந்த வாலிபர்களைத் தடுத்து நிறுத்திய தோழர்கள்தான் என்னை இங்கே பேச அழைத்தார்கள். நான் டாக்டருமல்ல, வக்கீலுமல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. அந்தத் தகுதியை நான் விரும்பிப் பெறவில்லை.

நான் செய்த தவறு

2011ஆம் வருஷம் என் மனைவிக்கு எட்டு மாதம். சமவெளியில், விசைத்தறி ஓடும் ஒரு ஊரில் அப்போது குடியிருந்தோம். தறித் தொழிலாளர் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் இரவு பகல் சங்க ஆபீசில் கிடந்தேன். காலும் முகமும் வீங்கி, தலை வெடிக்கிறது என்று அவள் சொன்னாள். என் அம்மா அவளை அழைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். பணம் வாங்கினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, சிறுநீர் பரிசோதிக்கவில்லை. "பிள்ளைத்தாச்சிக்குத் தலைவலி வரத்தான் செய்யும்" என்று சொல்லி ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். சீட்டு எழுதித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு ஜன்னி கண்டு கைகால் இழுத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் 108 வண்டியை வரவழைத்து, பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பிள்ளை இல்லை. தாய் பிழைப்பாளா என்பது தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னோடு வந்த பத்துத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, அங்கே டியூட்டியில் இருந்த பெண் டாக்டரைச் சூழ்ந்துகொண்டு கத்தினேன். "ஏழை என்றால் உங்களுக்கு இளக்காரமா?" என்று கேட்டேன். அந்த டாக்டர் பதில் பேசவில்லை. இரவு முழுக்க நின்ற களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. வயதான ஒரு நர்ஸ் அம்மா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "தம்பி, பிள்ளை இங்கே வருவதற்கு முன்பே இறந்துவிட்டது. உன் பெண்சாதியை இந்த டாக்டரம்மாதான் உயிரோடு வைத்திருக்கிறார். மூன்று நாளைக்கு முன் எங்கேயோ காட்டினீர்களாமே, அங்கே பிரஷர் எவ்வளவு இருந்தது? சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்.

சீட்டு இல்லை. பிரஷர் பார்க்கவேயில்லை. யார் காப்பாற்றினார்களோ அவர்களிடம் நான் சண்டை போட்டேன். யார் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்களோ அவர்களிடம் கேட்பதற்கு என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேலைநிறுத்தத்துக்கு ஒவ்வொரு தறியாக எழுதிக் கணக்கு வைத்திருந்த நான், என் மனைவியின் உடம்புக்கு ஒரு கணக்கும் வைக்கவில்லை. மூன்று நாள் தலைவலி என்று சொன்னவளிடம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பொறுப்பைப் பற்றிப் பேசும்போது என் பங்கையும் சேர்த்தே பேசுகிறேன்.

அவளுக்கு வந்தது கர்ப்பகாலத்து ரத்த அழுத்த நோய். இது புதிதல்ல, அபூர்வமும் அல்ல. ஒரு ரத்த அழுத்தக் கருவியும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஜன்னி வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்து இருக்கிறது. அதன் விலை அதிகமில்லை. ஐந்து நிமிஷ வேலை, அதைச் செய்யவில்லை. அவ்வளவுதான்.

தாயின்மேல் பழி போடாதீர்கள்

இப்போது இந்த மலைக்கு வருகிறேன். முதலில் தாய்மார்களிடம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். கிரகணத்தால் கரு கலைவதில்லை. கண்ணேறு பட்டுக் கலைவதில்லை. யாரோ வாசலில் எலுமிச்சம்பழம் வைத்ததால் கலைவதில்லை. ஒருநாள் குடம் தூக்கியதால் எட்டு மாதப் பிள்ளை இறந்துவிடுவதில்லை.

தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கருச்சிதைவில் முடிகின்றன என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் அது நடக்கிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உண்டாகும்போதே அதன் உள்ளமைப்பில், குரோமசோம் என்று சொல்கிறார்களே, அதில் நேரும் கோளாறு. அதைத் தாயும் உண்டாக்கவில்லை, தகப்பனும் உண்டாக்கவில்லை. உலகத்தின் எந்தப் பெரிய டாக்டராலும் அதைத் தடுக்க முடியாது. அரண்மனையிலும் நடக்கிறது, லயத்திலும் நடக்கிறது. ஆகவே, "எங்கள் வீட்டில் மட்டும் ஏன்?" என்று தலையில் அடித்துக்கொள்ளும் சகோதரியே, உன் தெருவிலேயே இதே துக்கத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் நாலு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் பேசாததால்தான் நீ தனியாள் என்று நினைக்கிறாய்.

ஆனால் எல்லா இழப்பும் அப்படிப்பட்டதல்ல. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு பிள்ளை இறந்து பிறப்பது வேறு கணக்கு. உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பிள்ளைகள் இப்படி இறந்து பிறக்கின்றன என்று ஐக்கிய நாடுகள் சபையின் ஸ்தாபனங்கள் கணக்குச் சொல்கின்றன. இந்தியாவில் மட்டும் 2019ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். உலகிலேயே மிக அதிகமான எண்ணிக்கை நம் நாட்டில்தான். உலகக் கணக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பிரசவ வலி எடுத்த பிறகு நேர்ந்தவை. அதாவது, வலி எடுக்கும்வரை உயிரோடிருந்த பிள்ளைகள். நல்ல கவனிப்பு கிடைத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, மலேரியா, மேகநோய், ரத்த வகை ஒவ்வாமை, குறுக்கே கிடக்கும் பிள்ளை, நீண்டுபோன வலி ஆகிய எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியும், சமாளிக்கவும் முடியும். முதல் இழப்பு இயற்கையின் கோளாறு. இரண்டாவது, மனிதர்கள் தடுத்திருக்கக்கூடிய மரணம். இரண்டையும் "விதி" என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போடுவதால் லாபம் அடைகிறவர்கள் யார்? பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள்தான்.

குடம் தூக்கியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைமாதக்காரி நாள் முழுக்கச் சரிவில் நின்று காப்பிப் பழம் பறிப்பதும், மூட்டை சுமப்பதும் அவளுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. அது உண்மை. ஆனால் அவள் ஆசைப்பட்டா சுமக்கிறாள்? அன்றைக்கு வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்பதால் சுமக்கிறாள். ஆகவே கேள்வி கேட்பதானால், "ஏன் தூக்கினாய்?" என்று அவளைக் கேட்காதீர்கள். "ஏன் தூக்க வைத்தாய்?" என்று வேலை கொடுத்தவனைக் கேளுங்கள். வீட்டுக் குடத்தை மாமனாரும் புருஷனும் தூக்கலாம். தூக்கினால் தோள் தேய்ந்துவிடாது.

நர்ஸ் எதிரியா?

அடுத்து வாலிபர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரியும். அந்தக் கோபத்தோடுதான் நானும் 2011இல் நின்றேன். ஆனால் கோபம் முகவரி தெரியாமல் போகக்கூடாது.

ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்குமாக நடக்கிறார். அவருக்கு வண்டி கொடுத்தார்களா? காலியான இடங்களை நிரப்பினார்களா? பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்து அவர் தலையில் கட்டினார்களா? இரவில் கூப்பிட்டால் வருவதற்கு ரோடு இருக்கிறதா? இவற்றையெல்லாம் கேட்காமல் அவரை அடித்தால், அடி வாங்குவதும் ஒரு தொழிலாளிப் பெண்தான். நாளைக்கு இந்த மலைக்கு வர வேறொரு நர்ஸ் சம்மதிக்கமாட்டார். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: மருத்துவ ஊழியர்களைத் தாக்குவது தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் விட முடியாத குற்றம். வழக்கு உங்கள்மேல் வரும். உண்மையான தவறு விசாரிக்கப்படாமலே போகும்.

அதற்காக யாரையும் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். கேட்டவர்கள் ஜெயித்த மூன்று உதாரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மேற்கு வங்கம். 1992இல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோனார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பணம் கட்டித் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார். சங்கம் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996இல் தீர்ப்பு வந்தது: அவசர சிகிச்சை கொடுக்காமல் சர்க்கார் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்புவது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், பணமில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாது. 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. அவர் அடிபட்ட ஆண்பிள்ளைதான். ஆனால் இன்று வலியோடு போகிற ஒவ்வொரு பிள்ளைத்தாச்சிக்கும் அந்தத் தீர்ப்பு அரணாக இருக்கிறது.

இரண்டாவது, டில்லி. பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஒரு ஏழைக் குடும்பம். 2008இல் அந்த வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கும்போது படியிலிருந்து விழுந்தாள். வறுமைக்கோட்டு ரேஷன் கார்டு சரியில்லை என்று ஆஸ்பத்திரிகள் அலைக்கழித்தன. இறந்த பிள்ளையை ஐந்து நாள் வயிற்றில் சுமந்தாள். கார்டைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்க்கவில்லை. அப்போது எப்படியோ பிழைத்தவள், 2010 ஜனவரியில் அடுத்த பிரசவம் வீட்டிலேயே நடந்து இறந்துபோனாள். 2010 ஜூன் 4ஆம் தேதி டில்லி ஹைகோர்ட்டில் நீதிபதி எஸ். முரளிதர் தீர்ப்பளித்தார். லட்சுமி மண்டல் வழக்கு என்று அதைச் சொல்கிறார்கள். தாய்மை நலத் திட்டங்கள் சர்க்கார் போடும் பிச்சையல்ல, உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடும்பத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு. அந்த மரணம் ஏன் நேர்ந்தது என்று தணிக்கை செய்யவும் உத்தரவு.

மூன்றாவது, இங்கிலாந்து. அங்கே 1948 முதல் எல்லோருக்கும் இலவசப் பொது மருத்துவம் இருக்கிறது. ஆனாலும் ஷ்ரூஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்த பொது மருத்துவமனைகளில் பிள்ளைகள் இறந்துகொண்டே இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் விடாமல் கேட்டதால் விசாரணைக் குழு போடப்பட்டது. 2022 மார்ச்சில் ஆக்கெண்டன் அறிக்கை வெளிவந்தது. சரியான கவனிப்பு இருந்திருந்தால் 201 பிள்ளைகள் பிழைத்திருக்கக்கூடும். அவற்றில் 131 இறந்து பிறந்தவை. காரணம் என்ன? ஆள் பற்றாக்குறை; தாய் சொன்னதைக் காதில் வாங்காமை; ஒரு மரணத்திலிருந்து பாடம் கற்காமல் அடுத்த மரணம்வரை போனது. சில இடங்களில் தாய்மார்கள்மேலேயே பழி போட்டிருந்தார்கள். பாருங்கள், இந்த மலையில் மாமியார் சொன்னதைத்தான் அங்கே கோட்டுப் போட்டவர்களும் சொல்லியிருக்கிறார்கள்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பொது மருத்துவம் வேண்டும், அது போதாது. அதை ஜனங்கள் கண்காணிக்கவும் வேண்டும்.

கேட்கும் முறை

எப்படிக் கேட்பது? முதல் ஆயுதம் காகிதம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தாய் சேய் நல அட்டையில் ரத்த அழுத்தம், ரத்த அளவு, எடை எழுதியிருக்கிறதா என்று புருஷன்மார் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கும் சீட்டு வாங்குங்கள். உள்நோயாளியாக இருந்தால் சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மூன்று வருஷம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. சர்க்கார் ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டத்திலும் மனுப் போடலாம்.

காசு வாங்கி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் கவனக்குறைவு நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. சேலத்திலேயே ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாம் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்தில் வராது. அங்கே மேலதிகாரியிடமும் ஹைகோர்ட்டிலும் கேட்க வேண்டும். டாக்டரின் நடத்தையைப் பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். பெண்களுக்கும், பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிள்ளை இறந்ததாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். சாதாரணத் தவறு வேறு, பெரும் அலட்சியம் வேறு. பெரும் அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று 2005இல் சுப்ரீம் கோர்ட் வகுத்தது. அது நியாயமே. இல்லாவிட்டால் சிக்கலான பிரசவம் என்றாலே டாக்டர்கள் பயந்து, "மேலே கொண்டுபோ" என்று தள்ளிவிடுவார்கள். அந்த அலைச்சலிலும் சாவது நம் பெண்கள்தான்.

தோட்டத்துக்கும் பொறுப்பு உண்டு

கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், இந்த மலையில் காப்பி வந்தது. இருநூறு வருஷமாக இந்த மலைப் பெண்கள் குனிந்து நிமிர்ந்து பறித்த பழத்தில்தான் எஸ்டேட்டுகள் வளர்ந்தன. அந்தப் பெண்ணின் வயிற்றுக்கு என்ன பாதுகாப்பு?

சட்டம் லேசில் வரவில்லை. 1929இல் பம்பாயிலும், 1934இல் சென்னை மாகாணத்திலும் பிரசவச் சகாயச் சட்டம் வந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1961இல் நாடு முழுதுக்கும் பிரசவச் சகாயச் சட்டம். கருச்சிதைவு ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதனால் நோய் கண்டால் மேலும் ஒரு மாதம். இறந்து பிறந்த பிள்ளையும் பிள்ளைதான் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே விளக்கம் எழுதியது. அதாவது, பிள்ளை கையில் இல்லை என்பதற்காகப் பிரசவ விடுப்பை மறுக்க முடியாது. அந்த விடுப்பு 2017இல், முதல் இரண்டு குழந்தைகள்வரை, 26 வாரமாயிற்று. இந்தச் சட்டங்களைக் கலைத்து 2020இல் செய்த சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளன. அவற்றைப் பற்றி நமக்குச் சண்டை உண்டு. அது வேறு கூட்டத்துக்கு. ஆனால் கருச்சிதைவுக்கான ஆறு வார விடுப்பு அதிலும் இருக்கிறது. "பழைய சட்டம் போய்விட்டது, ஒன்றும் கிடையாது" என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிரசவ விடுப்புக்கு, முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் செக்ரோலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். பெயர் ஏறாத பெண்ணுக்கு வேலையுமில்லை, விடுப்புமில்லை, பிள்ளை போனதற்குச் சாட்சியுமில்லை.

அந்தச் சாட்சியைப் பற்றியும் ஒரு சட்டம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறந்து பிறந்த பிள்ளையையும் பதிய வேண்டும். தோட்டத்துக்குள் நடந்தால் தோட்டத்தின் மேற்பார்வையாளர்தான் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆவது பிரிவு. காப்பியும் மிளகும் அந்தப் பிரிவில் வரும் பயிர்கள். இரவோடிரவாக மரத்தடியில் புதைத்துவிட்டால், அந்தப் பிள்ளை சர்க்கார் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத மரணத்துக்கு யார் ஆஸ்பத்திரி கட்டுவான்? யார் ரோடு போடுவான்? பதிவு செய்வது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை. அடுத்த பிள்ளைக்கு நாம் செய்யும் பாதுகாப்பு.

துக்கத்தை எப்படித் தாங்குவது?

கடைசியாக, வீட்டுக்குள் நடக்க வேண்டியது. இதில் சட்டமும் சங்கமும் பாதிதான் செய்ய முடியும்.

என் பிள்ளையை நான் பார்க்கவில்லை. பெரியவர்கள், "பார்க்க வேண்டாம், தாய்க்கும் காட்ட வேண்டாம், மறந்துவிடுவாள்" என்றார்கள். துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம். நானும் அடுத்த வாரமே வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டேன். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுதான் தைரியம் என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்து ஒரு ராத்திரி என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நம்ம பிள்ளை யார் ஜாடையில் இருந்தது?" என்னிடம் பதில் இல்லை. அவள் மறக்கவில்லை. நாங்கள்தான் அவள் கேட்க முடியாதபடி செய்திருந்தோம்.

ஆகவே சொல்கிறேன். தாய் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும்; மடியில் வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும்; பெயர் வைக்க விரும்பினால் வைக்கட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவளைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். பிள்ளை போனாலும் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். மார் கட்டி வலிக்கும். அது உடம்பையும் மனதையும் சேர்த்து வாட்டும். அதற்கும் நர்சிடம் யோசனை கேளுங்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்க்கு நெகடிவ் ரத்த வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரு ஊசி இருக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து.

"அடுத்ததைப் பெற்றுக்கொள்" என்று மறுநாளே ஆறுதல் சொல்லாதீர்கள். கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு மாதமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால், அது பேய் பிடித்ததல்ல; மனநோய். வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற இலவச ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. புருஷன்மாரே, நீங்களும் அழலாம். உங்களுக்கும் பிள்ளைதான் போனது. சாராயக் கடையில் அழுவதைவிட அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது மேல்.

நமது கோரிக்கைகள்

மலைச் சிற்றூர்களுக்கு வண்டி போகும் ரோடு வேண்டும். நிறைமாதக்காரியைத் தூளி கட்டித் தூக்கும் நிலை ஒழிய வேண்டும். இங்கிருந்து ஏற்காடு போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போவதற்குள் வலி காத்திருக்காது. ஆகவே மலையிலேயே இரவு பகல் பிரசவம் பார்க்கவும், ரத்தம் ஏற்றவும் வசதி வேண்டும். பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்கும் அறைகள் சாப்பாட்டோடு நடக்க வேண்டும். நர்ஸ், டாக்டர் இடங்கள் காலியாகவே கிடக்கக்கூடாது. ஒவ்வொரு எஸ்டேட்டிலும் அவசர வண்டி தயாராக நிற்க வேண்டும். தாய் இறந்தால் விசாரணை நடப்பது போல, பிள்ளை இறந்து பிறந்தாலும் ஏன் என்று விசாரித்து, அந்தக் காரணத்தைப் பெற்றவளுக்கு அவள் மொழியில் சொல்ல வேண்டும்.

இவை கிடைக்க ஊர் ஒன்றுபட வேண்டும். இன்று இந்தக் கூட்டத்திலேயே ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்போம். எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், அவளுக்கு எத்தனை மாதம், ரத்த அழுத்தம் எவ்வளவு, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். தலைவலி, முகவீக்கம், ரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அந்தக் குழுவில் நர்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் நம் பக்கம் நிற்க வேண்டியவர்.

சென்ற மாதம் பிள்ளையை இழந்த அந்தச் சகோதரி இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் முடிந்ததும் பெண்கள் நாலு பேர் அவள் வீட்டுக்குப் போங்கள். உபதேசம் செய்ய வேண்டாம். "உன்மேல் தவறில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். அன்று என் மனைவிக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.